லாங் மிண்ட் முகட்டுக்கு ஒரு நாள்: டிரெய்லரை இழுத்துப் போவதா, கைவீசிப் போவதா?

#1 சிறகன்

எங்கள் கிளப்பில் மறுபடி அதே பஞ்சாயத்து. வசந்தத்தில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் உள்ள லாங் மிண்ட் குன்றுக்கு, மிட்லண்ட் கிளைடிங் கிளப்பின் களத்துக்கு, ஒரு நாள் போய்ப் பறந்துவிட்டு வருவது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் ரெண்டு கட்சி. அவரவர் கிளைடரை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போகணும் என்கிறது ஒன்று. டிரெய்லரே வேண்டாம், ஒரு காரில் அடங்குகிற ஆட்கள் மட்டும் போய், அவர்களுடைய ரெட்டை இருக்கைக் கிளைடரில் அவர்கள் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்துவிட்டு வருவோம் என்கிறது இன்னொன்று. நான் ரெண்டாவது கட்சி.

விவரம் தெரியாதவர்களுக்காக: எங்கள் களம் முழுச் சமவெளி. கயிற்றைச் சுருட்டிக் கிளைடரை மேலே இழுக்கும் வின்ச், ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு ஏற்றிவிடும். தெர்மல் (வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று) மாட்டினால் உண்டு, இல்லாவிட்டால் ஆறேழு நிமிடத்தில் தரை. அக்டோபர் வந்துவிட்டால் தெர்மலையும் மறந்துவிட வேண்டியதுதான். முகட்டில் கதை வேறு. காற்று சரியான திசையில் அடிக்கிறவரை, வெயில் எட்டியே பார்க்காத நாளிலும் மேலேயே கிடக்கலாம். மிண்ட் வடக்கு தெற்காக நீண்ட மேடு. மேற்குப் பக்கம் எழுநூறு எண்ணூறு அடி செங்குத்தாகச் சரிகிறது. களம் அடிவாரத்தில் இல்லை, மேட்டின் தலையிலேயே இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 அடி. 1934-இல் தொடங்கிய கிளப்.

போன இலையுதிர் காலத்தில் போனபோது எனக்கு அவர்களுடைய ரெட்டை இருக்கைக் கிளைடரான கே-21-இன் முன் இருக்கை கிடைத்தது. கயிற்றை விட்டுவிட்டு விளிம்பைத் தாண்டினோமோ இல்லையோ, வேரியோ (ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் கருவி) கூவ ஆரம்பித்தது. மேற்குக் காற்று இருபது நாட் (மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர்) இருக்கும். மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்க, கிளைடர் முகட்டுக்கு இணையாக நண்டு நடையில் தெற்கே போகிறது. சறுக்குகிறோம் என்று கண் சொல்கிறது. கனோப்பியில், அதாவது தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில், ஒட்டியிருக்கும் கம்பளி நூலோ நடுக்கோட்டில் ஆடாமல் நிற்கிறது. கால் தானாக ரடரை (மூக்கைத் திருப்பும் வால் சுக்கானின் பெடல்) மிதிக்கப் போகும். நூலைப் பார், மலையைப் பார்த்து மிதிக்காதே என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. இறக்கை நுனிக்குக் கீழே ஹெதர் புதர், அதற்குள் ஆடுகள். ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் ஊரில் காலுக்குக் கீழே 200 அடி என்றால் ஏர்ப்ரேக்கில் கை போய்விட்டது, இறங்கப் போகிறோம் என்று அர்த்தம். இங்கே அதே 200 அடியில் முகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

அதே நாளில் எங்களோடு வந்த ஒருவர் தன் ஒற்றை இருக்கைக் கிளைடரை இழுத்து வந்திருந்தார். பொருத்தினார், பரிசோதித்தார், களத்துக்கான செக் பறப்புக்கு, அதாவது தனியாக விடுமுன் உள்ளூர் இன்ஸ்ட்ரக்டர் கூட வந்து பார்க்கும் பறப்புக்கு, வரிசையில் நின்றார். செக் முடிந்தபோது காற்று தெற்கே திரும்பிவிட்டது. முகடு செத்துவிட்டது. மறுபடி கழற்றி, டிரெய்லரில் அடைத்து, இருட்டில் வீடு. அவர் கிளைடர் அன்று பறந்த நேரம் பூஜ்யம். ஆகவே என் கேள்வி தலைப்பில் உள்ளதுதான். சொல்லுங்கள்.

#2 கொக்கு

சென்னையிலிருந்து வாசிக்கிறேன். விமானம் என்றால் டிக்கெட் எடுத்து ஏறுவது மட்டும்தான் தெரியும். மன்னிக்கணும், அடிப்படைக் கேள்வி: எஞ்சினே இல்லாமல் "மேலேயே கிடக்கலாம்" என்றால் எவ்வளவு நேரம்? பெட்ரோல் இல்லை என்றால் எப்போது இறங்குவீர்கள்?

#3 ரிட்டயர்டு ரன்வே

தம்பி கொக்கு, கேள்வி நல்ல கேள்வி. கிளைடர் எப்போதுமே கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. கே-21 நிதானமான வேகத்தில் வினாடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மலைச் சரிவில் மோதும் காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை, மேலே ஏறியாக வேண்டும். அந்த ஏற்றம் வினாடிக்கு ஒரு மீட்டர் இருந்தால் கணக்கு உனக்குச் சாதகம். அந்த ஏறுகாற்றுப் பட்டை சரிவின் காற்றடிக்கும் பக்கத்தில், மெல்லிசாக, முகட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அதை விட்டு வெளியே போகாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். பருந்து செய்வதும் அதேதான், என்ன, அதற்கு பிரீஃபிங் கிடையாது.

எவ்வளவு நேரம் என்றால்: 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட், கிட்டி ஹாக் மணல்மேட்டில் 9 நிமிடம் 45 வினாடி நின்றார். பத்து வருஷம் போல அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 1922 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் வாசர்குப்பெ மலையில் மார்ட்டென்ஸ் என்ற மாணவர் வாம்பிர் கிளைடரில் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார். அதே மாதம் அவர் தோழர் ஹென்ட்சென் மூன்று மணி நேரம். அக்டோபரில் இங்கிலாந்தின் இட்ஃபோர்ட் மேட்டில் பிரெஞ்சுக்காரர் மானெரோல் 3 மணி 21 நிமிடம் பறந்து டெய்லி மெயிலின் ஆயிரம் பவுண்டைத் தட்டிக்கொண்டு போனார். அப்புறம் இது கிறுக்குத்தனமாகிவிட்டது. 1952-இல் பிரான்சில் ஷார்ல் ஆட்ஷே என்பவர் தனியாளாக 56 மணி 15 நிமிடம் ஒரு முகட்டில் ஓடிக்கொண்டிருந்தார். அது பறக்கும் திறமைக்கு வைத்த சோதனையா, தூக்கத்துக்கு வைத்த சோதனையா என்று கேள்வி வந்து, உலக அமைப்பு அந்தச் சாதனைப் பிரிவையே மூடிவிட்டது.

ஆக, எப்போது இறங்குவோம்? காற்று நிற்கும்போது, இருட்டும்போது, அல்லது சிறுநீர் முட்டும்போது. பெரும்பாலும் மூன்றாவது.

சிறகன், உன் கேள்விக்குப் பிறகு வருகிறேன். சுருக்கமாக: உன் பக்கம்தான்.

#4 பனிக்காற்று

நான் உங்கள் பக்கம் இல்லை தம்பி 🙂 விருந்தாளிகள் வந்து இறங்குகிற கிளப்பில் இருப்பவள் என்ற முறையில் பேசுகிறேன். எங்களுடையது ஸ்காட்லாந்தின் போர்ட்மோக், லோக் லெவன் ஏரிக்கரை. எங்களுக்கு ரெண்டு மலை. மேற்குக் காற்றுக்கு பிஷப் ஹில், வடக்குக் காற்றுக்கு பெனார்ட்டி. அதனாலேயே வருஷம் முழுக்க யாராவது டிரெய்லரோடு வந்துகொண்டே இருப்பார்கள். வரட்டும், சந்தோஷம்தான்.

ஆனால் நீங்கள் சொல்கிற "கைவீசிப் போவது" எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் தெரியுமா? ஒரு சனிக்கிழமை காலை ஆறேழு பேர் வந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் எங்கள் ரெட்டை இருக்கைக் கிளைடர் வேண்டும், எங்கள் இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். நல்ல காற்றுக்காக மூன்று வாரமாகக் காத்திருந்த எங்கள் சொந்த மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இன்ஸ்ட்ரக்டருக்குச் சம்பளம் கிடையாது, அவரும் லீவு நாளில் வந்து உழைக்கிற ஆள்தான். சொந்தக் கிளைடரோடு வருகிறவர் ஒரே ஒரு செக் பறப்போடு எங்களை விட்டுவிடுவார். அப்புறம் அவர் பாட்டுக்கு அவர்.

உங்களிடம் ரெட்டை இருக்கைக் கிளைடர் இல்லையா? அதைக் கொண்டு போங்கள். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் அங்கே செக் முடித்துக்கொண்டு மற்றவர்களை ஏற்றிப் பறக்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்லை.

#5 சிறகன்

அக்கா, நியாயமான அடி. ஆனால் ரெண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, கே-21 இறக்கையை நீங்கள் தூக்கியிருப்பீர்கள். பதினேழு மீட்டர் கிளைடர், ஒரு பக்க இறக்கைக்கே தெம்பான ஆட்கள் வேண்டும். காலையில் எங்கள் களத்தில் கழற்று, அங்கே பொருத்து, சாயங்காலம் கழற்று, இரவு வந்து பொருத்து. நாலு தடவை. கையில் இருப்பது ஒரே ஒரு நாள். அதில் இதற்கே பாதி போனால் பறக்கப் போனோமா, சுமை தூக்கப் போனோமா?

ரெண்டாவது, எங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள் சமவெளியில் புலிகள். அவர்களில் மலையில் நிறையப் பறந்தவர் ஒரே ஒருவர்தான். காலையில் ஒரு செக் முடித்துவிட்டு மதியம் முன் இருக்கையில் மாணவனை வைத்து அந்த முகட்டில் கற்றுக்கொடு என்றால், அந்தக் கிளப்பின் தலைமை இன்ஸ்ட்ரக்டர் ஒப்புக்கொள்வாரா என்பது இருக்கட்டும், எங்கள் ஆளே ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அங்கே போவதே அந்த மலையை வருஷம் முழுக்கப் பார்க்கிற ஒருவர் பின்னால் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். எந்த மடிப்பில் ஏற்றம் நன்றாக இருக்கும், எந்த முனையில் தாண்டினால் குப்பென்று விழும் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை கூட்டமாகப் போகக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வார நாளில், நாலு பேர், முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டு.

#6 ரிட்டயர்டு ரன்வே

சொன்னபடி வந்துவிட்டேன். நான் கற்றது புனே ஹடப்ஸரில், இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்திய மையத்தில். அங்கே தெர்மல்தான் எல்லாம். இங்கிலாந்து வந்தபின்தான் முகடு. சமவெளியில் பழகிய கை முகட்டுக்கு வந்தால் என்ன தப்புப் பண்ணும் என்று பட்டியல் போடுகிற அளவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தெர்மலில் பழகியவன் ஏற்றம் கிடைத்ததும் வட்டமடிக்கப் பார்ப்பான். முகட்டில் அந்த வட்டத்தின் ஒரு பாதி மலையைப் பார்த்து இருக்கும், அதுவும் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு. வேகமுள் 50 நாட் காட்டும், தரை 70-இல் வரும். ஆகவே முகட்டில் திருப்பம் எப்போதும் மலைக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்து. ஒரு முனையில் வெளியே திரும்பு, மறு முனையிலும் வெளியே திரும்பு. போதுமான உயரம் வரும்வரை முழு வட்டம் என்ற எண்ணமே கூடாது.

அடுத்தது வேகம். மலைக்கு ஒட்டி வர வர காற்று குலுங்கும், ஒரு இறக்கையில் ஒரு மாதிரி, மறு இறக்கையில் வேறு மாதிரி. கே-21-ஐ நாற்பத்தைந்தில் ஓட்டுகிறவன் அங்கே ஐம்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. ஏற்றம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

மூன்றாவதாக மிண்ட் மாதிரி, யார்க்ஷயரின் சட்டன் பேங்க் மாதிரி, களம் மேட்டின் தலையில் இருக்கும் இடங்கள். டன்ஸ்டபிளிலும் போர்ட்மோக்கிலும் களம் கீழே. காற்று நின்றால் சும்மா சறுக்கி வந்து களத்தில் இறங்கலாம். தலையில் களம் இருந்தால், முகட்டின் உயரத்துக்குக் கீழே போன நிமிஷமே உனக்குக் களம் கிடையாது. பள்ளத்தாக்கில் எந்த வயலில் இறங்குவது என்று முகட்டின் மேலே இருக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். அங்கே காலை பிரீஃபிங்கில் வயல்களைக் காட்டிச் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காமல் போனில் காற்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், கோபம் வரும்.

இன்னொன்று, மேலே இறங்க வரும்போது விளிம்புக்குப் பின்னால் வெகு தூரம் அடித்துப் போகாதே. அங்கே காற்று கவிழ்ந்து இறங்குகிறது. முன்னால் ஏற்றிய அதே காற்றுதான், பின்னால் அழுத்தும்.

இதெல்லாம் உன் ஒற்றை இருக்கையில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்கிற விஷயமா? அதனால்தான் சிறகன் பக்கம் என்றேன்.

#7 பிர் பறவை

பாராகிளைடிங் ஆள் நான், ஹிமாசல் பிர் பில்லிங்கில் கற்றது, இப்போது பர்மிங்காம். மிண்டில் நாங்களும் பறக்கிறோம் என்பதை யாரும் சொல்லவில்லையே! நாங்கள் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டரில் தொங்கிக்கொண்டிருப்போம், உங்கள் வெள்ளைக் கத்திகள் நூறில் வரும். அனுபவஸ்தர்கள் அழகாக விலகிப் போவார்கள். ஒரு நாள் விருந்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது. ரெட்டை இருக்கையில் உள்ளூர் ஆளோடு வாருங்கள் என்பதற்கு என் ஓட்டும் உண்டு. எங்களில் பலரிடம் ஃபிளார்ம் (பக்கத்தில் வேறு ஆள் பறந்தால் எச்சரிக்கும் கருவி) கிடையாது, உங்கள் கருவி கத்தாது. கண்ணால்தான் பார்க்கணும்.

அப்புறம் ஒரு சந்தேகம். எதிரெதிரே வந்தால் மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு வழி, மற்றவர் விலகணும். இது எங்களுக்கும் அதேதான். முந்துவதற்கு என்ன விதி? மலைக்கும் எனக்கும் நடுவில் புகுந்து போகிறார்கள் சிலர். அது சரியா?

#8 வலசை

சரிதான். முன்னால் போகிறவர் எந்த நிமிஷமும் வெளியே திரும்பலாம், மலைப் பக்கம் திரும்பவே மாட்டார். ஆகவே மலைப் பக்கமாக முந்துவதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

#9 பனிக்காற்று

அமெரிக்காவில் சொல்லிக்கொடுப்பது இங்கே எதற்கு? இங்கே சட்டப்படி ஒரு கிளைடர் இன்னொரு கிளைடரை வலமாகவும் முந்தலாம், இடமாகவும் முந்தலாம். எந்தப் பக்கம் என்பது முந்துகிறவர் பொறுப்பு. மலைப் பக்கமாகப் புகுந்தால் அவர் திரும்புவதிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் உனக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம்? அந்த நேரம் ஒரு குலுக்கல் வந்தால் போக இடம் எங்கே? வெளிப்பக்கமாகப் போனால் அவர் உன்மேல் திரும்புவார். ரெண்டும் சிக்கல் என்னும்போது, முந்தாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இடம் இருந்தால் திரும்பி வந்த வழியே போ. முகடு எங்கேயும் ஓடிப்போகாது.

#10 வலசை

எல்லாரும் திரும்பிக்கொண்டே இருந்தால் முகட்டில் ஒரு பக்கம் மட்டும் கூட்டம் சேராதா? சும்மா சண்டைக்காகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல மேற்குக் காற்றில் பத்துக் கிளைடர் ஓடுகிற முகட்டில் ஒருவர் திடீர் திடீரென்று திரும்பினால் அதுவும் ஆபத்துதான்.

#11 ரிட்டயர்டு ரன்வே

ரெண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இதற்கு முடிவு இங்கே கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். போகிற களத்தில் காலை பிரீஃபிங்கில் என்ன சொல்கிறார்களோ அது. எல்லாரும் ஒரே மாதிரி செய்வதுதான் முக்கியம். பாராகிளைடரை முந்துவது வேறு கணக்கு: அவருக்கு உன் இறக்கைக் காற்று பட்டால் கூடாரம் (அவரைத் தாங்கும் துணி இறக்கை) மடங்கும். தாராளமாக விலகிப் போ.

#12 நாஞ்சிலான்

மக்களே, ஒரு சின்ன கேள்வி. எங்க ஊர் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாசம் நின்னு பாத்தவனுக்குத் தெரியும் காத்துன்னா என்னன்னு. சைக்கிள் மிதிச்சா பின்னால போவும். இங்கிலாந்துல இருவது நாட்டுக்கு இந்த ஆட்டம் ஆடுறிய, எங்க ஊர் மலையில கிளைடர் ஓட்டுனா நாள் முழுக்க நிக்காதா?

#13 ரிட்டயர்டு ரன்வே

நாஞ்சிலான், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே காற்று பலமாக இருப்பது அது கணவாய் என்பதால். ரெண்டு பக்க மலைக்கு நடுவே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிப் பிழிந்து வெளியே வருகிறது. மலையில் மோதி மேலே ஏறுவதைவிட, சந்து வழியாகப் பாய்ந்து ஓடுகிறது. காற்றாலைக்கு அதுதான் வேண்டும், கிளைடருக்கு வேண்டியது அது இல்லை. ஏற்றம் தேடினால் நாகர்கோவில் பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும் சரிவுகளில் தேட வேண்டும். நீ நிற்கிற முப்பந்தல் பக்கம் மலைக்குப் பின்னால் வருகிற இடம், அங்கே காற்று உருண்டு கீழேதான் தள்ளும். அதோடு பருவமழை மேகம் மலை உச்சியை மூடியிருக்கும், கீழே இறங்க இடம் தேடினால் கண்ணுக்கெட்டியவரை காற்றாலை இறக்கை. வேண்டாம் அப்பா.

#14 நாஞ்சிலான்

சரி விடுங்க. நான் கீழ நின்னு பருந்து பாத்துக்கிடுதேன்.

#15 கொக்கு

இந்த இழை வேறு லெவலில் போகிறது. சிறகன் அண்ணா, வின்ச் இல்லாமல் ரப்பர் கயிற்றில் கவண் மாதிரி விடுவார்கள் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்தேன். அது இந்த மிண்ட்தானா?

#16 சிறகன்

அதேதான் கொக்கு. பஞ்சீ ஏற்றம் என்பார்கள். உலகத்தில் இன்னும் அதை வழக்கமாகச் செய்கிற இடங்கள் கைவிரலில் அடங்கும், மிண்ட் அதில் ஒன்று. மேற்குக் காற்று நன்றாக, நேராக மலையில் அடிக்கிற நாளில் மட்டும் செய்வார்கள்.

கிளைடரை விளிம்புக்குக் கொஞ்சம் பின்னால், மூக்கு காற்றைப் பார்த்து நிறுத்துவார்கள். தடித்த ரப்பர் கயிற்றின் நடுவளையம் மூக்கில் உள்ள கொக்கியில். கயிற்றின் ரெண்டு முனையும் ஆங்கில "வி" எழுத்துப் போல விரிந்து போகும், ஒவ்வொரு முனையையும் மூன்று நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். முதலில் நட என்பார்கள். கயிறு விறைக்கும். அப்புறம் ஓடு. சரிவைப் பார்த்து ஓடுகிறாய், ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு பின்னுக்கு இழுக்கிறது, ஹெதர் காலைத் தடுக்குகிறது, திடீரென்று கையில் கனமே இல்லை. தலைக்கு மேல் கிளைடர் போய்விட்டது. எஞ்சின் இல்லை, வின்ச் சத்தம் இல்லை, ஒரு சீறல் மட்டும்.

நான் கயிறு இழுத்திருக்கிறேன். ஏறிப் பறக்க இன்னும் வாய்க்கவில்லை. ஆட்கள் நிறைய வேண்டும் என்பதால் விருந்தாளிகள் கயிறு இழுக்கக் கிடைத்தால் அவர்களுக்கும் உதவி. அக்கா, "தொந்தரவு" என்றீர்களே, இதை ஈடாக வைத்துக்கொள்ளலாமா?

#17 பனிக்காற்று

வைத்துக்கொள்ளலாம் 🙂 சும்மா சொல்லவில்லை, விருந்தாளி என்றால் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்டால் இதுதான். வந்து இறங்கியதும் வேலையில் சேர்ந்துகொள்கிறவர்கள் வேண்டும். இறக்கை பிடி, கயிறு மாட்டு, கிளைடரை வண்டியால் இழுத்து வா, பதிவேட்டில் நேரம் எழுது. தங்கள் பறப்பு முடிந்ததும் கிளப் ஹவுசில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுப்பவர்கள்தான் எரிச்சல். நாலு பேர், வார நாள், போன் பண்ணிவிட்டு, கையைக் காலை அசைத்து வேலை பார்ப்பீர்கள் என்றால், சரி, கைவீசியே போங்கள்.

ஒன்று மட்டும். உங்களில் யாராவது ஏற்கெனவே அந்தக் களத்தில் செக் முடித்தவர், சமீபத்தில் அங்கே பறந்தவர் இருந்தால் அவர் தன் டிரெய்லரை இழுத்து வரட்டும். அவருக்கு அது நியாயம். போன முறை டிரெய்லர் இழுத்து வந்தவர் செக் முடித்துவிட்டார் அல்லவா? இந்த முறை அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பாவம்.

#18 சிறகன்

இதை நான் யோசிக்கவில்லை. அவருக்கும் ஐந்து மணி நேரம் பாக்கி.

#19 கொக்கு

ஐந்து மணி நேரமா? எதற்கு?

#20 வலசை

சில்வர் பேட்ஜ். மூன்று பகுதி: 50 கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஐந்து மணி நேரம் இறங்காமல் பறப்பது. மூன்றாவதை சமவெளியில் தெர்மலில் முடிப்பது கஷ்டம், ஆகவே பாதிப் பேர் முகட்டில்தான் முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான், சட்டன் பேங்கில். முதல் மணி நேரம் சொர்க்கம், மூன்றாவது மணியில் அதே பாறை, அதே மரம், அதே பார்க்கிங், அதே சிவப்புக் கார். நாலாவது மணியில் அந்தக் காரும் வீட்டுக்குப் போய்விட்டது.

#21 ரிட்டயர்டு ரன்வே

ஒரு நாள் பயணத்தில் ஐந்து மணி நேரத்தைத் திட்டமாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். காலையில் பயணம், பொருத்துவது, பிரீஃபிங் எல்லாம் போக, மதியம் பன்னிரண்டுக்கு ஏறினாலும் ஐந்துக்குத்தான் முடியும். அதற்குள் காற்று மாறினால் மனுஷன் பிடிவாதமாக அங்கேயே கிடப்பான், வயலில் இறங்குகிற உயரத்தையும் தாண்டி. பேட்ஜுக்கு என்றால் ரெண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி போகச் சொல். அந்தக் கிளப்பிலேயே தங்க இடம் உண்டு.

#22 பிர் பறவை

காற்று எப்படிப் பார்க்கிறீர்கள்? நாங்கள் மூன்று ஆப் பார்த்துவிட்டு நாலாவதாக ஜன்னலைத் திறப்போம்.

#23 ரிட்டயர்டு ரன்வே

பிரிட்டிஷ் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் எஃப்214 காற்று வரைபடம். காற்றின் திசையும் வேகமும் உயரம் உயரமாகப் போட்டிருப்பான். தரைக்காற்றை நம்பாதே. ஆயிரம் அடியிலும் ரெண்டாயிரம் அடியிலும் என்ன திசை என்று பார். மிண்டுக்கு 270 டிகிரியை, அதாவது நேர் மேற்கை, ஒட்டி இருந்தால் நல்லது. அதிலிருந்து முப்பது டிகிரி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் மலையை உரசிக்கொண்டு போகும், ஏறாது. பதினைந்து நாட்டுக்குக் கீழே என்றால் நம்பிப் போகாதே. முப்பதுக்கு மேல் என்றாலும் போகாதே, களத்தில் கிளைடரைப் பிடித்து நிறுத்தவே ஆள் போதாது.

மேற்குக் காற்று நிலையாக, உயரம் ஏற ஏற வேகம் கூடிக்கொண்டு போனால் இன்னொரு யோகம் இருக்கிறது. வேல்ஸ் மலைகளுக்குப் பின்னால் வேவ் (மலையைத் தாண்டிய காற்று அலை அலையாக எழுவது) வரும். முகட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குலுக்கல் எல்லாம் நின்று, எண்ணெய் வார்த்த மாதிரி வழுவழுப்பாக ஏறும். அது வந்தால் பின்னால் இருக்கிறவரிடம் கன்ட்ரோலைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்.

#24 கொக்கு

காற்றே வராவிட்டால்? அவ்வளவு தூரம் போய்?

#25 சிறகன்

போன தடவைக்கு முந்தைய தடவை அப்படித்தான். கிழக்குக் காற்று, மிண்டுக்கு முதுகுப் பக்கம். வின்ச்சில் ஆளுக்கு ஒரு ஏற்றம், சமவெளியில் போவது மாதிரியே ஏழு நிமிடத்தில் கீழே. டிரெய்லர் இல்லாததால் யாருக்கும் கடுப்பு இல்லை. புளியோதரை டப்பாவை எடுத்துக்கொண்டு போல் பேங்க் உச்சிக்கு நடந்தோம், 516 மீட்டர், கிட்டத்தில்தான். அங்கிருந்து பார்த்தால் மறுநாள் பறக்கப் போகிறவர்களுக்கு எல்லாமே விளங்கும். எந்தச் சரிவு எங்கே உள்வாங்குகிறது, வயல்கள் எங்கே பெரிது, எங்கே மின்கம்பி. பிரீஃபிங்கில் படத்தில் பார்த்ததைத் தரையில் நின்று பார்ப்பது வேறு. அன்று எங்களோடு நடந்த உள்ளூர் உறுப்பினர் ஒருவர் வயல்களை விரலால் காட்டிக்கொண்டே வந்தார், இது சரி, இது சரிவு, இதில் இறங்கினால் விவசாயி டீ கொடுப்பார் என்று.

#26 நாஞ்சிலான்

புளியோதரைன்னதும் எனக்கு இந்த விளையாட்டு புரிஞ்சி போச்சு.

#27 பனிக்காற்று

வழி பற்றி ஒரு வார்த்தை. சர்ச் ஸ்ட்ரெட்டனிலிருந்து மேலே ஏறும் பர்வே சாலை ஒற்றைத் தடம், ஒரு பக்கம் நேரே பள்ளம். காருக்கே எதிரே ஒருவர் வந்தால் மூச்சு நிற்கும். அந்த டிரெய்லர்காரர் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று கிளப்பிடம் கேட்டுக்கொண்டு போகட்டும். ஜிபிஎஸ் குறுக்குவழி காட்டும், கேட்காதீர்கள். மேலே வேலி இல்லை, ஆடு ரோட்டில் படுத்திருக்கும்.

#28 சிறகன்

சரி, நேற்று இரவு எங்கள் கிளப் கூட்டத்தில் இதை வைத்தேன். கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். மே மாதம், வார நாள். நாலு பேர் கைவீசி. செக் முடித்தவர் மட்டும் டிரெய்லரோடு, அவரும் தங்கும்படியாக மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறார், மற்றவர்கள் அன்றே திரும்புகிறோம். போன் பண்ணிக் கேட்டாகிவிட்டது, வரச் சொல்லிவிட்டார்கள். ரெட்டை இருக்கை அன்று காலை அவர்கள் மாணவர்களுக்கு, மதியத்துக்கு மேல் எங்களுக்கு. காலையில் கயிறு மாட்டவும் இறக்கை பிடிக்கவும் நாங்கள்.

முதல் நாள் சாயங்காலம் எஃப்214 பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன். 270 இல்லை என்றாலும் போகிறோம், புளியோதரைக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. பிர் பறவை, அன்று நீங்களும் வந்தால் என்ன நிறக் கூடாரம் என்று சொல்லிவிடுங்கள், விலகிப் போகச் சொல்கிறேன்.

#29 பிர் பறவை

ஆரஞ்சு. தாராளமா விலகிப் போங்க சார், கிட்ட வராதீங்க.